பெயரைப் பதியச் சென்ற யோசேப்பு

திருக்குடும்பத் திருவிழா: வானொலி மறையுரை
வாசகங்கள்: சீராக் 3:2-6, 12-14; கொலோசையர் 3:12-21; மத்தேயு 2:13-15, 19-23



கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து சில நாள்களே ஆகின்றன. நம் வீட்டுக் குடில்கள் இன்னும் கலைக்கப்படவில்லை. வாசலில் கட்டிய நட்சத்திரம் இன்னும் எரிகிறது. அதற்குள் இன்றைய நற்செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. தொழுவத்தில் பார்த்த அதே குடும்பம் இரவோடு இரவாக எழுந்து ஊரை விட்டுப் போகிறது. குழந்தையின் உயிருக்கு ஏரோதால் ஆபத்து. யோசேப்பு தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். ஏரோதின் ஆட்சிக்கு உட்படாத அந்நிய மண்ணில் தங்குகிறார். ஏரோது இறந்த பிறகு திரும்பி வருகிறார்.

யோசேப்பின் வாழ்வில் இரண்டு பெரிய பயணங்களைப் பார்க்கிறோம். முதலாவது பயணத்தை லூக்கா சொல்கிறார். அகுஸ்து சீசர் மக்கள்தொகையைக் கணக்கிட ஆணையிட்டார்; ஒவ்வொருவரும் தம் சொந்த ஊருக்குச் சென்று பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. யோசேப்பு நிறைமாத மரியாவோடு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போனார். இரண்டாவது பயணம் இன்று நாம் கேட்டது. முதல் பயணம் அரசாங்கப் பதிவேட்டில் பெயரை எழுத. இரண்டாவது பயணம் உயிரைக் காப்பாற்ற.

இந்த இரண்டு பயணங்களையும் நம் பகுதி மக்கள் நன்றாக அறிவார்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறி சென்னைக்கோ திருச்சிக்கோ போய், அங்கிருந்து விமானம் ஏறிய பிள்ளைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! துபாய், குவைத், சவூதி, கத்தார், மலேசியா, சிங்கப்பூர் என்று ஊர்ப் பெயர்களைப் பக்கத்துத் தெருவைச் சொல்வது போலச் சொல்கிறோம். செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த தம்பி இன்று ஏதோ ஒரு பாலைவன நகரத்தில் கட்டட வேலை பார்க்கிறான். அவன் அனுப்பும் பணத்தில்தான் இங்கே வீடு எழும்புகிறது, தங்கை படிக்கிறாள், அப்பாவுக்கு மருந்து வாங்கப்படுகிறது.

ஆகவே இன்று யோசேப்பைப் பார்த்து நாம் கற்க வேண்டிய மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயரைப் பதிந்தார். அவர் விசாரித்துப் போனார். அவர் ஓர் அந்நிய நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். பதிதல், விசாரித்தல், ஏற்றல். இந்த மூன்றும் இன்றைக்கு பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் என்ற காகிதங்களில் வந்து நிற்கின்றன. மறையுரையில் பாஸ்போர்ட் பேச்சு எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு குடும்பத்தின் கண்ணீர் எந்தக் காகிதத்தில் தொடங்குகிறதோ, அந்தக் காகிதத்தைப் பற்றி மேய்ப்பர் பேசத்தான் வேண்டும்.

முதலாவது, பதிதல்.

யோசேப்பு தாவீதின் வழிமரபினர். தம் பரம்பரையைச் சொல்லிப் பெருமைப்படவோ, அந்நிய அரசனின் கட்டளை எனக்கு எதற்கு என்று வீம்பு பேசவோ அவருக்கு இடமிருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. வரிசையில் நின்றார். உண்மைப் பெயரை, உண்மை ஊரைச் சொன்னார். இறைமகன் மனிதப் பதிவேடுகளின் உலகத்துக்குள் பிறந்தார் என்பதை லூக்கா மறைக்கவில்லை.

புனித பவுலையும் நினைத்துப் பாருங்கள். எருசலேமில் அவரைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் உரோமைக் குடிமகன் என்று நூற்றுவர் தலைவரிடம் சொன்னார். தீர்ப்புக்கு முன் ஓர் உரோமைக் குடிமகனைக் கட்டியதற்காக ஆயிரத்தவர் தலைவரே அஞ்சினார். அந்தத் தலைவர் பெரும் தொகை கொடுத்துக் குடியுரிமை வாங்கியவர். பவுலோ பிறப்பாலேயே குடிமகன். சிறைக்கும் சாவுக்கும் அஞ்சாத திருத்தூதர், தமக்குச் சட்டம் தந்த பாதுகாப்பைக் கேட்டுப் பெறக் கூச்சப்படவில்லை. அது விசுவாசக் குறைவு அல்ல.

கடவுள் நம்மைப் பெயர் சொல்லி அறிவார். அவருக்கு நம் பாஸ்போர்ட் தேவையில்லை. ஆனால் நம்மை ஒருவரும் அறியாத ஊரில், நம் மொழி தெரியாத அதிகாரி முன் நிற்கும்போது, நாம் யார் என்று நமக்காகப் பேசுவது அந்தச் சிறு புத்தகம்தான். அதில் உள்ள பெயர் தவறாக இருந்தால், அது நமக்காகப் பேசாது. நமக்கு எதிராகவே பேசும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? திருமுழுக்கு ஏட்டில் அந்தோணிசாமி. பள்ளிச் சான்றிதழில் அந்தோனிசாமி. ஆதாரில் அப்பா பெயரும் சேர்ந்து வேறொரு வரிசை. நமக்கு முன்னெழுத்துதான் பழக்கம். குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. ஆனால் வெளிநாட்டில் குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பின்னர் தெளிவுபடுத்தியது. நாம் சாதாரணமாக நினைக்கும் ஒரு முன்னெழுத்து, விமான நிலையத்தில் ஒரு மனிதனை நிறுத்திவிடும்.

இளம் பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியும் அதன் பிறகும் பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஏற்கப்படும். குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். திருமுழுக்குக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும் அன்றே எழுத்துகளையும் முடிவு செய்யுங்கள். கோவிலில் ஓர் எழுத்து, நகராட்சியில் ஓர் எழுத்து, பள்ளியில் ஓர் எழுத்து என்று பிள்ளையின் பெயரை மூன்றாக உடைக்காதீர்கள்.

இனி ஒரு கடினமான காரியம். பங்கு அலுவலகத்தில் அமரும் குருக்கள் பலர் கேட்டிருக்கும் வேண்டுகோள் இது. ஒரு தாய் வந்து நிற்பார். “சாமி, பொண்ணுக்கு இருபத்தாறுதான் ஆகுது. முப்பது முடிஞ்சிருச்சுன்னு ஒரு ஞானஸ்நான சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா, குவைத்துல வீட்டு வேலைக்கு அனுப்பிவெச்சிடுறேன்னு ஏஜெண்டு சொல்றாரு. குழு லோன் கழுத்த நெரிக்குது சாமி.”

அந்தத் தாய் பொய்க்காரி அல்ல. மகளின் வாழ்வுக்காக அலைபவர். ஆனாலும் அந்தச் சான்றிதழைத் தர முடியாது. ஏன்? பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் ‘இசிஆர்’ வகையைச் சேர்ந்தது. மகாபலிபுரம் போகும் சாலையைச் சொல்லவில்லை. குடிபெயர்வு அனுமதி தேவை என்பதன் சுருக்கம் அது. இந்த வகைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள், 30 வயது நிறையாமல் வளைகுடா நாடுகள் போன்ற பட்டியலிடப்பட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. செவிலியர் தவிர மற்றப் பெண்களை, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் வழியாகவே அனுப்ப வேண்டும். இளம்பெண்கள் அறிமுகமற்ற வீடுகளுக்குள் அடைபட்டு, வெளியே ஒருவருக்கும் சொல்ல முடியாமல் துன்புறக்கூடாது என்பதற்காகப் போட்ட வேலி இது. ஏஜெண்டு அந்த வேலியைப் பிரிக்கச் சொல்கிறார். கோவில் முத்திரையைக் கொண்டே பிரிக்கச் சொல்கிறார்.

செராமிக் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ஒரு விரிசல் இருந்தால், அதன்மேல் களிமண் கரைசலைப் பூசி மறைக்கலாம். அதன்மேல் கிளேசும் அடிக்கலாம். வெயிலில் காயும்வரை பார்க்க அழகாகத்தான் இருக்கும். சூளைக்குள் போனால் அந்த இடத்தில்தான் பிளக்கும். பொய்யான ஆவணமும் அப்படியே. ஊரில் இருக்கும்வரை தெரியாது. துன்பம் என்ற சூளையில்தான் பிளக்கும். அந்தப் பெண் உதவி கேட்டுத் தூதரகத்துக்கு ஓடும் நாளில், அவள் கையில் இருக்கும் வயதும் அவளுடைய உண்மையும் ஒத்துப்போகாமல் நிற்கும்.

ஆனால் சகோதரர்களே, ‘முடியாது’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடாது. குழு லோன் அடுத்த வாரமும் வரும். அந்தத் தாயை ஏஜெண்டிடம் துரத்துவது கடன். அந்தக் கடனைப் பற்றி அன்பியத்தில் பேசினோமா? வின்சென்ட் தே பவுல் சபையினர் அந்த வீட்டுப் படி ஏறினார்களா? மகள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதி முடிக்க யாராவது கைகொடுத்தோமா? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றால் அவள் பாஸ்போர்ட்டின் வகையே மாறும். உண்மையைக் காக்கச் சொல்லும் திருச்சபை, உண்மையாய் இருப்பதற்கு ஆகும் செலவில் பங்குபோட வேண்டும்.

இரண்டாவது, விசாரித்தல்.

இன்றைய நற்செய்தியில் ஒரு வரியை நாம் எளிதில் தாண்டிவிடுகிறோம். ஏரோது இறந்துவிட்டான், திரும்பிப் போ என்று யோசேப்புக்கு வானதூதரே சொன்னார். அதைவிடப் பெரிய அனுமதி வேறென்ன வேண்டும்? ஆனாலும் யோசேப்பு கண்ணை மூடிக்கொண்டு யூதேயாவுக்குள் நுழையவில்லை. அங்கே இப்போது யார் ஆட்சி செய்கிறார் என்பது அவர் காதுக்கு எட்டுகிறது. ஏரோதின் மகன் அர்க்கெலா என்று தெரிந்ததும் தயங்குகிறார். மீண்டும் கனவில் எச்சரிக்கை பெற்று, கலிலேயாவுக்குப் போய் நாசரேத்தில் குடியேறுகிறார். வானதூதரின் சொல்லைக் கேட்டவரே அக்கம்பக்கம் விசாரித்தார் என்றால், ஓர் ஏஜெண்டின் சொல்லைக் கேட்பவர் எத்தனை முறை விசாரிக்க வேண்டும்!

“தம்பி, மொதல்ல விசிட் விசாவுல போ. அங்க போய் கம்பெனி விசா அடிச்சுக்கலாம்” என்று சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நகையை அடகு வைத்த குடும்பங்கள் எத்தனை! விசிட் விசா பார்த்துவிட்டு வருவதற்கு, உழைப்பதற்கு அல்ல. அதில் வேலை செய்பவருக்கு அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் துணை நிற்பது கடினம். சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லப் போகும் இடத்திலேயே அவர் குற்றவாளி ஆகிவிடுவார்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, ஆள் சேர்க்கும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் ‘இ-மைகிரேட்’ என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவரிடம் ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய்தான். அதற்கு மேல் ஜிஎஸ்டி வரி மட்டும். இலட்சக்கணக்கில் கேட்டால், ரசீது தர மறுத்தால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இசிஆர் பாஸ்போர்ட் உள்ளவர், வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற பட்டியலிடப்பட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அதன் பெயரைக் கவனியுங்கள்: பாதுகாவலர். நம் காவல்தூதரைப் போல, போகிறவன் பக்கம் நிற்கவேண்டியவர் அவர்.

அந்த அனுமதியோடு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீடும் சேர்ந்து வருகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்தது நமக்கு நினைவிருக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழர்கள்; நம் கடலூர் மாவட்டத்தவரும் அதில் உண்டு. அவர்களுடைய ஆன்மாக்களுக்காக இன்றும் வேண்டிக்கொள்கிறோம். அப்படி ஒரு நாள் எந்த வீட்டுக்கும் வர வேண்டாம். வந்தாலோ, முறையான காகிதத்தோடு போனவரின் மனைவி மக்களுக்குச் சட்டப்படி கேட்க ஓர் இடம் இருக்கிறது. முறையில்லாமல் போனவரின் வீட்டாருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிப் போன இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 500-க்கும் அதிகமான இந்தியர்களை விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து அழைத்து வந்தன.

அதே முகாம்களில் நம் பிள்ளைகளோடு அடைபட்டுக் கிடந்தவர்களில் பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர்களும் உண்டு. பிலிப்பைன்ஸ் நம்மைப் போலப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பி வாழும் நாடு. ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு. துபாய் தூய மரியா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி நடக்கும். பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அவர்கள் மொழியிலும் திருப்பலி நடக்கும். அந்த நாட்டிலும் வேலைக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் அரசின் வேலைச் சான்றிதழ் பெற வேண்டும். சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு உண்மையில் வேலைக்குப் போகிறார் என்று ஐயம் வந்தால், மணிலா விமான நிலையக் குடியேற்ற அதிகாரிகள் பயணத்தையே நிறுத்திவிடுவார்கள். பெட்டியோடு வீடு திரும்புவது அவமானமாகத் தெரியும். ஆனால் அப்படித் திரும்பி வந்தவர்களில் சிலர், மியாவடிக்குப் போகாமல் தப்பியவர்களாகவும் இருக்கலாம்.

இளைஞர்களே, வேலை ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் உங்களுக்குப் புரிகிற மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனியின் பெயர், சம்பளம், தங்கும் இடம் ஆகியவை விசாவில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். போன இடத்தில் பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் தந்துவிட வேண்டாம். சட்டப்படி அது இந்திய அரசின் உடைமை. வேலை தருபவர் அதைப் பூட்டி வைக்க உரிமை இல்லை. ஐயம் இருந்தால் 1800 11 3090 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். அன்பியத் தலைவர்களே, இந்த எண்ணை உங்கள் செபக்கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

ஏற்கெனவே முறைதவறிப் போய், விசா முடிந்து, எங்கோ ஒளிந்து வேலை செய்யும் பிள்ளை இருந்தால், அந்த வீட்டாரை ஊர் பழிக்க வேண்டாம். அவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: ஒளிந்திருக்கச் சொல்லாதீர்கள், தூதரகத்தை அணுகச் சொல்லுங்கள். வளைகுடா நாடுகள் அவ்வப்போது பொது மன்னிப்புக் காலம் அறிவிக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அப்படிச் செய்தது. அபராதம் இல்லாமல் ஊர் திரும்பவோ, காகிதத்தைச் சரிசெய்துகொண்டு அங்கேயே இருக்கவோ அப்போது வழி திறந்தது. பாவ அறிக்கைத் தொட்டி நமக்கு என்ன கற்றுத் தருகிறது? வெளிச்சத்துக்கு வருகிறவனுக்குத்தான் மன்னிப்பு கையில் கிடைக்கிறது.

மூன்றாவது, ஏற்றல்.

எகிப்தில் திருக்குடும்பத்துக்கு யார் இடம் கொடுத்தார்கள்? மத்தேயு பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரோ கொடுத்தார்கள். யாரோ ஒருவர் வாடகைக்கு ஒரு மூலையைத் தந்தார். யாரோ ஒருவர் தச்சனுக்கு வேலை தந்தார். ஒரு பெண், கைக்குழந்தையோடு நின்ற அந்நியப் பெண்ணுக்குத் தண்ணீர் தந்திருப்பார். பெயர் தெரியாத அந்த எகிப்தியர்களால்தான் நம் மீட்பர் உயிரோடு வளர்ந்தார்.

நமக்கும் அயல்நாட்டவருக்கும் உள்ள உறவு புதிது அல்ல. நம் அருகில் கோணாங்குப்பம் இருக்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் அங்கே நிற்கிறது. இந்த மண் அவரை ஏற்றது. அவரும் இந்த மண்ணை ஏற்றார். நம் மொழியைக் கற்று, புனித யோசேப்பைத் தலைவராக வைத்து ‘தேம்பாவணி’ பாடினார். சேலை உடுத்திய தமிழ்த் தாயாகப் பெரியநாயகி மாதாவின் உருவத்தை வரைந்து மணிலாவுக்கு அனுப்பினார் என்றும், அங்கே செதுக்கப்பட்டுத்தான் சுரூபம் கடல் வழியே வந்தது என்றும் அத்திருத்தலத்தின் மரபு சொல்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கைகள் செதுக்கிய தமிழ்த் தாய்! வரும் ஜனவரியில் அந்தத் தாயின் திருவிழாவுக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பெற்றோர் சிற்றலை வானொலியில் ஆவலோடு கேட்ட வேரித்தாஸ் தமிழ்ப்பணியும் அதே பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்துதான் ஒலித்தது. 2018-இல் சிற்றலை நிற்கும்வரை, எத்தனையோ தமிழ்க் குரல்களுக்கு அந்த நாடு இடம் கொடுத்தது.

ஆகவே நாளை துபாயில் நம் பையனோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தோழர் ஒருவர் கோணாங்குப்பம் திருவிழாவைப் பார்க்க வருகிறேன் என்றால் மகிழ்ந்து வரவேற்போம். வரவேற்பிலும் முறை உண்டு. அவர் விசா பெற்று வர வேண்டும். அயல்நாட்டவரைத் தங்க வைக்கும் விடுதியோ, வீடோ, பங்கு இல்லமோ, 24 மணி நேரத்துக்குள் அதை அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவரை மறைப்பணி செய்ய வைக்கக் கூடாது. அதற்குத் தனி விசா இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் இவை எல்லாம் ஒரே புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் வந்துள்ளன. விருந்தாளிக்கு இலை போடும் முன் இதையும் செய்துவிடுங்கள். நம் கவனக்குறைவால் அவர் காவல் நிலையத்தில் நிற்கும்படி ஆனால், அது விருந்தோம்பல் அல்ல.

காகிதம் எடுத்து வர நேரமில்லாமல் வந்தவர்களும் உண்டு. 1983-க்குப் பிறகு படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள் அப்படி வந்தவர்கள். உயிருக்கு ஓடுகிறவன் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நிற்க முடியாது. யோசேப்பும் அந்த இரவில் நிற்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து அடைக்கலம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. முகாமில் பிறந்து, முகாமில் வளர்ந்து, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டவர்களுக்கு அது ஒரு சிறு மூச்சு. குடியுரிமைக்காக அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றியதிலும் ஒரு பதிவேடு இருக்கிறது பாருங்கள். வந்த அன்று யாரோ ஓர் அலுவலர் பொறுமையாக எழுதிக்கொண்ட ஒரு பெயர், பல ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பத்தைச் சிறையிலிருந்து காக்கிறது.

அன்புக்குரியவர்களே, காகிதம் மனிதருக்கு மதிப்பைத் தருவதில்லை. அந்த மதிப்பைக் கடவுள் தந்துவிட்டார். ஆனால் அந்த மதிப்பை வழியில் யாரும் பறித்துவிடாமல் காக்க, உண்மையான ஒரு காகிதம் உதவுகிறது. அதை உண்மையாக வைத்திருப்பது குடும்பத்தின் மேல் உள்ள அன்பு. அது இல்லாதவரை மனிதராகவே நடத்துவது அயலார்மேல் உள்ள அன்பு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டாம்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். செபமாலை முடிந்ததும், பீரோவில் இருக்கும் சான்றிதழ்களை எடுத்துக் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி வாசியுங்கள். தவறு இருந்தால் திருத்த மனுப் போடுங்கள். பிறகு, கடல் கடந்து இருக்கும் பிள்ளைக்குப் போன் செய்து, பணத்தைப் பற்றிக் கேட்கும் முன், “பாஸ்போர்ட் உன் கையில இருக்கா கண்ணு?” என்று கேளுங்கள். அவன் தரும் பதிலில் உங்களுக்குப் பல செய்திகள் கிடைக்கும்.

மன்றாடுவோம்.

திருக்குடும்பத்தின் காவலரான புனித யோசேப்பே, எங்கள் பிள்ளைகள் போகும் வழியில் துணை நில்லும். பொய்ச் சொல்லை நம்பாத அறிவையும், விசாரித்துப் போகும் பொறுமையையும் அவர்களுக்குப் பெற்றுத் தாரும். அந்நிய மண்ணில் குழந்தையை ஏந்தி நின்ற அன்னை மரியே, பெரியநாயகித் தாயே, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மாரைத் தேற்றும். எங்கள் ஊருக்கு வரும் அந்நியரில் உம் மகனைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.